ஆல்கஹால் போன பிறகு ஒயினில் என்ன மிச்சம்?

ஆல்கஹால் நீக்கிய ஒயினைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றதும் மனைவி கேட்டாள்: "அதுக்குத்தான் திராட்சை ஜூஸ்னு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கே?" ரொம்ப நியாயமான கேள்வி. இரண்டு மாதமாக ராத்திரியில் உட்கார்ந்து படித்ததெல்லாம் அதற்குப் பதில் தேடித்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒயின் நிபுணன் கிடையாது. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். வேலைக்காக ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இரண்டு வருஷம் இருந்தபோது ஒயின் பழக்கமானது. ஊர் திரும்பிய பிறகு ஒரு ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்ததும் நிறுத்திவிட்டேன். ஆக, ஒயின் எப்படி இருக்கும் என்று நாக்குக்கு ஞாபகம் இருக்கிறது. என் தகுதி அவ்வளவுதான். அதற்குப் பிறகும் வேலையாக அங்கே போய்வருவது உண்டு. போகும்போதெல்லாம் கடையில் ஆல்கஹால் இல்லாத பாட்டில்களைத் தேடி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் குறிப்பு எழுதி வைத்தேன். பதினொரு பாட்டில் தேறியது.

இந்தத் தேடல் ஒரு சாப்பாட்டு மேசையில்தான் ஆரம்பித்தது. நிறுத்திய பிறகு போன முதல் பயணம். பழைய டீமோடு இரவுச் சாப்பாடு. எல்லோர் முன்னாலும் காம்பு நீண்ட கிளாஸில் ரீஸ்லிங். நான் வேண்டாம் என்றதும் அந்த ஊர் வழக்கப்படி ஆப்பிள் ஷோர்லே வந்தது, ஆப்பிள் ஜூஸும் சோடாவும் கலந்தது. குடிக்காதவருக்கு அங்கே அதுதான் கதி. நல்ல பானம், குறை சொல்ல முடியாது. ஆனால் அது அரை லிட்டர் டம்ளரில் வரும். பக்கத்து மேசையில் எட்டு வயசுப் பையன் கையிலும் அதே டம்ளர். எல்லோரும் கிளாஸை உயர்த்தி, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து "ஸும் வோல்" என்று சொல்லும்போது (கண்ணைப் பார்க்காமல் இடித்தால் ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை) நான் அந்தப் பெரிய டம்ளரைத் தூக்கினேன். மற்ற கிளாஸ்கள் கிணுங் என்றன, என்னுடையது டக் என்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. அடுத்த முறை அதே ஹோட்டலில் மெனுவின் கடைசிப் பக்கத்தில் "ஆல்கஹால் இல்லாத ரீஸ்லிங்" என்று பார்த்ததும் விலையைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

அது எப்படி இருந்தது என்பதற்கு முன்னால் அது என்ன என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் என் மனைவியின் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

திராட்சை ஜூஸ் ஒருபோதும் ஒயின் ஆகாதது. இதுவோ முழு ஒயினாகி, அதன் பிறகு ஆல்கஹாலை இழந்தது. ஜூஸில் ஈஸ்ட் விழுந்து சர்க்கரையைத் தின்னும்போது ஆல்கஹால் மட்டும் பிறப்பதில்லை. கிளிசரால், எஸ்டர்கள், அமிலங்கள் என்று ஜூஸில் இல்லாத எத்தனையோ பொருட்கள் பிறக்கின்றன. ஒயினில் நாம் மோந்து பார்க்கிற வாசனையில் பெரும்பகுதி ஈஸ்ட் போட்ட கோலம். ஜூஸில் லிட்டருக்கு 150 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். வறண்ட ஒயின் என்று சொல்லப்படுவதில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. நம்ம ஊர் ஆட்களுக்குப் புரியவைப்பது சுலபம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீர் நொதிக்காமல் தடுக்கப்பட்டது. கள்ளை எடுத்து அதிலிருந்து போதையை மட்டும் பிரித்துவிட்டால் கிடைப்பது பதநீர் ஆகாது. புளிப்பும் ஈஸ்ட் வாடையும் உள்ள வேறு ஏதோ ஒன்று. அந்த "வேறு ஏதோ ஒன்று"தான் இங்கே பாட்டிலில் வருகிறது.

சுண்ணாம்பு வழியில் போனவரும் மேற்கில் ஒருவர் உண்டு. தாமஸ் பிராம்வெல் வெல்ச், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லேண்ட் ஊரில் பல் மருத்துவர், தீவிர மெதடிஸ்ட். தேவாலயத்தில் நற்கருணைக்கு மதுவைக் கொடுப்பது அவருக்கு ஒப்பவில்லை. 1869இல் திராட்சைச் சாற்றைப் பாட்டிலில் அடைத்துச் சூடாக்கி நொதிக்காமல் நிறுத்தினார். வேடிக்கை என்னவென்றால், அவர் கையில் எடுத்தது பாஸ்டரின் முறை. பாஸ்டர் அந்தச் சூட்டை வைத்தது ஒயின் கெட்டுப்போகாமல் காப்பாற்ற. வெல்ச் அதே சூட்டை வைத்தது ஒயினே பிறக்காமல் தடுக்க. தன் சரக்குக்கு அவர் வைத்த பெயர் "நொதிக்காத ஒயின்". ஜூஸ் என்று பெயர் வைக்க அவருக்கும் மனசு வரவில்லை பாருங்கள்.

மற்ற வழி, அதாவது ஒயினாக்கிப் பிறகு பிரிப்பது, நான் சுற்றிய பகுதியிலேயே வளர்ந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரைன் நதியோரமாக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் ரூடெஸ்ஹைம். மலைச்சரிவு முழுக்கத் திராட்சை. அங்கே கார்ல் யுங் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே வெற்றிடத்தில் காய்ச்சி ஆல்கஹாலைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். (உளவியலாளர் யுங் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் வைத்தால் ஒயின் ஜாம் வாடை அடிக்கும். ஆனால் அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால்தானே பருப்பு வேக அவ்வளவு நேரம் ஆகிறது. அதே கணக்கை இன்னும் கடைசிவரை கொண்டுபோனால், 30 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே ஆல்கஹால் ஆவியாகிவிடும். நம்ம ஊர் மதிய வெயிலைவிடக் குறைவு.

பின்னால் ஆஸ்திரேலியாவில் சுழல் கூம்புக் கோபுரம் ஒன்றை ஒயினுக்குப் பழக்கினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கூம்புகள். ஒன்று நிற்கும், அடுத்தது சுழலும். ஒயின் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். முதல் சுற்றில் குறைந்த சூட்டில் வாசனையை மட்டும் எடுத்துத் தனியே வைத்துக்கொள்வார்கள். அடுத்த சுற்றில் ஆல்கஹாலை எடுப்பார்கள். கடைசியில் வாசனையைத் திரும்பக் கலப்பார்கள். சவ்வு வழியாக வடிகட்டும் முறையும் இருக்கிறது, நம் வீட்டு ஆர்ஓ மெஷின் மாதிரி. பொறியியல் ரீதியாகச் சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை.

ஆனால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் வயிற்றில் புளி கரைக்கும். பழைய புரோகிராமில் "இந்த ஒரு மாட்யூலை மட்டும் எடுத்துடுங்க, மத்தது அப்படியே ஓடணும்" என்று கேட்பார்கள். எடுத்த பிறகுதான் தெரியும், மற்ற எல்லாமே அதன் மேல் சாய்ந்து நின்றிருக்கிறது என்று.

ஒயினில் ஆல்கஹால் அப்படிப்பட்ட மாட்யூல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 சதவீத ஒயின், 750 மில்லி பாட்டில் என்றால் அதில் 97 மில்லிக்கு மேல் சுத்தமான ஆல்கஹால். எடையில் சுமார் 77 கிராம், கிராமுக்கு 7 கலோரி வீதம் 540 கலோரி. எட்டில் ஒரு பங்கு பொருளையே உருவிவிடுகிறோம். அந்தப் பங்கு போதை மட்டும் தரவில்லை. வாயில் ஒரு கனத்தைத் தந்தது, லேசான இனிப்பைத் தந்தது, தொண்டையில் ஒரு சூட்டைத் தந்தது, வாசனைகளைக் கரைத்து வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டது, புளிப்பையும் துவர்ப்பையும் அடக்கி வைத்தது. அது போனதும் புளிப்பு நேராக வந்து பல்லில் நிற்கும். டானின் துவர்ப்பு, பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கை இழுக்கும். நடுவில் ஒரு பள்ளம். முதல் நொடியில் வாசனை நம்பிக்கை தரும். குடித்தால் நடுவில் தண்ணீர்.

அந்தப் பள்ளத்தை நிரப்ப என்ன செய்கிறார்கள்? சர்க்கரை. அல்லது திராட்சைச் சாற்றுச் செறிவு, பெயர் வேறு, வேலை ஒன்று. நான் வாங்கிய பாட்டில்களில் பெரும்பாலானவற்றின் லேபிளில் 100 மில்லிக்கு 4 முதல் 5 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. லிட்டருக்கு 40, 50 கிராம். வறண்ட ஒயினைப் போல என்று விற்கப்படும் பொருளில் பத்து மடங்கு இனிப்பு! இங்கேதான் எனக்கு முதல் கோபம் வந்தது. ஜூஸ் வேண்டாம் என்று ஓடி வந்தவனுக்கு, பெரிய இயந்திரம் வைத்துச் சுற்றி வளைத்து மறுபடியும் பாதி ஜூஸையே ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

பதினொன்றில் என் தீர்ப்பு இதுதான். சிவப்பு நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்று வெந்த பீட்ரூட் தண்ணீர். ஒன்று ஆறிப்போன கட்டாஞ்சாயாவில் நாவல்பழச் சாறு கலந்தது போல. மற்ற இரண்டைப் பற்றி என் குறிப்பில் "வேண்டாம்" என்று மட்டும் இருக்கிறது. சிவப்பு ஒயின் கனத்தையும் சூட்டையும் நம்பி நிற்பது. அதை எடுத்தால் தூண் இல்லாத கோயில். வெள்ளையில் ரீஸ்லிங் பரவாயில்லை. இயல்பிலேயே அது குறைந்த ஆல்கஹால், நிறையப் புளிப்பு, தூக்கலான வாசனை உள்ள வகை. இழப்பதற்கு அதனிடம் குறைவாகவே இருக்கிறது. இனிப்புச் சேர்த்தாலும் அந்தப் புளிப்பு அதைச் சமாளித்துவிடுகிறது. அந்த ஹோட்டலில் நான் குடித்ததும் அதுதான். முதல் வாய் நன்றாக இருந்தது, மூன்றாவது வாயில் எலுமிச்சை மிட்டாய் ஞாபகம் வந்தது.

உண்மையிலேயே ஜெயிப்பது நுரைக்கும் வகை. ஆல்கஹாலின் சுரீர் போன இடத்தில் கரியமில வாயுவின் சுரீர் உட்கார்ந்துகொள்கிறது. குளிர்ச்சியாகக் குடிப்பதால் இனிப்பும் தெரியாது. ஒரு துணைச் செய்தி: ஜெர்மனியில் நுரைக்கும் ஒயினுக்கு இன்றும் ஒரு தனி வரி உண்டு, பாட்டிலுக்கு 1.02 யூரோ. 1902இல் கெய்சரின் கடற்படைச் செலவுக்கென்று போட்டது. கப்பல்கள் மூழ்கி நூறு வருஷம் ஆகிவிட்டது, வரி மிதக்கிறது. ஆல்கஹால் நீக்கியதற்கு அந்த வரி இல்லை. அதனால் விலை குறையும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

பெயர் விஷயமும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 டிசம்பரில் கொண்டுவந்த விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேற்படாமல் ஆல்கஹால் இருந்தால் "ஆல்கஹால் நீக்கிய ஒயின்" என்று, ஒயின் என்ற சொல்லோடு விற்கலாம். இந்த அரை சதவீதம் மதுவிலக்கு வரலாற்றில் பழைய ஆள். அமெரிக்காவின் 1919 வால்ஸ்டெட் சட்டமும் இதே கோட்டில்தான் எது மது என்று பிரித்தது. ஆனால் அதே ஐரோப்பிய விதியில் இன்னொரு வரி இருந்தது: முழுக்க ஆல்கஹால் நீக்கியதற்கு, பாதுகாக்கப்பட்ட ஊர்ப் பெயரைப் போட முடியாது. அதாவது ஒயின் என்று கூப்பிடலாம். எந்த மலைச்சரிவில் விளைந்தது என்ற அந்தப் புகழ்பெற்ற பெயரைச் சூட்டக்கூடாது. ஒயின் உலகத்தில் ஊர்ப் பெயர்தான் குலம் கோத்திரம் எல்லாம். ஆல்கஹாலோடு சேர்ந்து ஊரும் போய்விட்டது. இதை முதலில் படித்தபோது அநியாயம் என்று தோன்றியது. பதினொரு பாட்டில் குடித்த பிறகு சட்டம் எழுதியவர்களுக்கு நாக்கு இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அந்த இயந்திரத்துக்குள் போய் வந்த பிறகு எந்த மலை என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

சொல் பைத்தியம் பிடித்தவன் என்பதால் இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்றும் யோசித்தேன். சங்கப் பாடல்களில் மதுவுக்கு நறவு, தேறல், கள் என்று பல சொற்கள். தேறல் என்பது தெளிந்தது, வண்டல் இறங்கிய தெளிவு. பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் தேறல் என்று கேட்டு வாங்கினவன் இதைக் குடித்தால் அடிக்க வருவான். விட்டுவிட்டேன்.

சரி, ருசி இப்படி, விலை அப்படி. பிறகு எதற்கு ஜனங்கள் வாங்குகிறார்கள்? நான் எதற்கு வாங்கினேன்?

இதற்கு ஒயின் புத்தகங்களைவிட உளவியல் ஆய்வுகள் நல்ல பதில் தருகின்றன. 1973இல் ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். குடிநோயாளிகள், சாதாரணமாகக் குடிப்பவர்கள் என்று இரண்டு தரப்பு. சிலருக்கு ஓட்கா கலந்த டானிக், சிலருக்கு வெறும் டானிக். வித்தியாசம் நாக்குக்குத் தெரியாத அளவில் கலந்தது. அதிலும் சிலரிடம் உண்மையைச் சொல்லி, சிலரிடம் மாற்றிச் சொல்லி, ருசி பார்க்கச் சொன்னார்கள். எவ்வளவு குடிக்கிறார்கள் என்று அளந்தார்கள். அதிகம் குடித்தவர்கள் ஓட்கா உள்ளே போனவர்கள் அல்ல, "இது ஓட்கா" என்று சொல்லப்பட்டவர்கள். இரண்டு தரப்பிலும் அப்படித்தான். குடிநோயாளிக்கு ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், உடம்பு தானாகக் கட்டுப்பாடு இழந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். உடம்புக்குள் போன ஆல்கஹாலைவிட மனசுக்குள் போன சொல் பெரிய வேலை செய்திருக்கிறது.

இன்னொன்று போர்தோவில் நடந்து 2001இல் வெளியானது. ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினிலேயே வாசனை இல்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனைகளையே எழுதினார்கள். இதை வைத்து ஒயின் நிபுணர்களைக் கேலி செய்வது இணையத்தில் வழக்கம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கண், கை, மேசை, பேச்சு எல்லாம் சேர்ந்துதான் ருசி என்று ஒன்று உண்டாகிறது. அந்த மாணவர்கள் மனுஷர்களாக நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆல்கஹால் இல்லாத ஒயினின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. பாட்டிலுக்குள் இருப்பது அரைகுறை. பாட்டிலைச் சுற்றி இருப்பது முழுசு. தக்கையைத் திருகுவது, மெல்லிய கிளாஸ், கொஞ்சமாக ஊற்றுவது, மூக்கைக் கிட்டக் கொண்டுபோவது, மெதுவாகக் குடிப்பது. ஜூஸை யாரும் ஒரு மணி நேரம் வைத்துக் குடிப்பதில்லை, மடமடவென்று காலியாகிவிடும். ஒயின் கிளாஸ் ஒரு மணி நேரத்துக்கு உட்காரக் கொடுக்கிற இடம். "நான் குடிக்கலை" என்று விளக்கம் சொல்லாமல், கல்லீரல் கதையைச் சொல்லாமல், மற்றவர்களோடு சமமாக உட்காரலாம். மூன்றாவது வாயில் எலுமிச்சை மிட்டாய் என்று எழுதிய அதே ராத்திரி, அந்தச் சாப்பாடு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிளாஸ் கிணுங் என்றது.

உடம்புக்கு நல்லது என்று விற்பவர்களைப் பற்றி ரெண்டு வார்த்தை. பார்சலோனாவில் நடந்த ஒரு ஆய்வு 2012இல் வந்தது. இதய நோய் ஆபத்து உள்ள 67 ஆண்கள். நான்கு நான்கு வாரமாகச் சிவப்பு ஒயின், அதே ஒயின் ஆல்கஹால் நீக்கியது, ஜின் மூன்றையும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். ஆல்கஹால் நீக்கியதைக் குடித்த காலத்தில் மேல் ரத்த அழுத்தம் சுமார் 6 புள்ளி குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 67 பேர், நான்கு வாரம். அதை வைத்து "இதயத்தின் நண்பன்" என்று எழுதுவது அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று அறிவித்தது. அந்த வகையில் 13 சதவீத ஒயினைக் குடித்துக்கொண்டிருந்தவர் 0.5க்கு வந்தால் லாபமே. இருபத்தாறு கிளாஸ் குடித்தால்தான் பழைய ஒரு கிளாஸ் கணக்கு வரும். ஆனால் ஒன்றும் குடிக்காதவர் ஆரோக்கியத்துக்காக இதை ஆரம்பித்தால் அவருக்குக் கிடைப்பது முக்கியமாகச் சர்க்கரை.

இதுவரை எழுதி முடித்து, "கிளாஸ்தான் கவர்ச்சி, அது நல்ல கவர்ச்சி" என்ற முடிவோடு நிறுத்தியிருப்பேன். நிறுத்த விடாத ஒரு சம்பவம் இருக்கிறது. தவறு என்னுடையது.

கோயம்புத்தூரில் எனக்கு ஒரு நண்பன். முதல் வேலையில் ஒன்றாகச் சேர்ந்தோம். நடுவில் குடி அவனை ரொம்பத் தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. வேலை போய், சிகிச்சைக்குப் போய், மெல்ல மீண்டு வந்தான். நான் போனபோது நிறுத்தி ஒரு வருஷமும் சில மாதங்களும். பயணத்திலிருந்து நேராகப் போகிறேன், கையில் ஒரு ஆல்கஹால் இல்லாத ரீஸ்லிங் பாட்டில். பெருமையாக எடுத்து வைத்தேன். இருபத்தாறு கிளாஸ் கணக்கையும் சொன்னேன். அவன் மனைவி பாட்டிலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணா, இது வேணுங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டார். "ஒண்ணும் ஆகாதும்மா, இதுல எதுவும் இல்ல" என்றேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

என் பையில் இருந்த ரெண்டு கிளாஸையும் எடுத்து (அதையும் வாங்கி வந்திருந்தேன்) ஊற்றினேன். அவன் காம்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். கை மறக்கவே இல்லை. மூக்குக்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். குடிக்கவில்லை. கிளாஸை மேசையில் வைத்து, ஒரு விரலால் மெதுவாக என் பக்கம் தள்ளினான்.

"இதுல ஒண்ணும் இல்லைன்னு நீ சொல்றே. என் கைக்கு அது தெரியலடா. வாசம் வந்த உடனே அடுத்த கிளாஸ் எங்கேன்னு தேடுது."

மார்லட்டின் ஆய்வை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன். அடிக்கோடு போட்டுக்கூட வைத்திருந்தேன். அளவு சதவீதத்தில் இல்லை, சொல்லிலும் வாசனையிலும் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் அரை சதவீதக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். எனக்கு மேசையில் இடம் வாங்கிக் கொடுத்த அதே கிளாஸ், அதே காம்பு, அதே சுற்று, அவனைப் பழைய மேசைக்கு இழுத்தது. பொருள் ஒன்றுதான். கவர்ச்சியை ருசியிலிருந்து பிரித்துச் சடங்கில் கண்டுபிடித்தேன் என்று நான் பெருமைப்பட்டது அவன் வீட்டில் எச்சரிக்கையாக வேலை செய்திருக்க வேண்டும். இந்தப் பாட்டில்களின் விளம்பரங்களில் கர்ப்பிணிகள், கார் ஓட்டுகிறவர்கள், மாரத்தான் ஓடுகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு கிளாஸ் தூக்குகிறார்கள். குடியிலிருந்து மீண்டு வருபவர்களுக்கு ஒரு வரி எச்சரிக்கையை நான் வாங்கிய பதினொன்றில் எந்த லேபிளிலும் பார்க்கவில்லை.

அதனால்தான் இப்போது ஒயினைப் போல நடிக்காத பானங்கள் பக்கம் என் ஆர்வம் திரும்பியிருக்கிறது. கோபன்ஹேகனில் யாகோப் கொசெம்பா என்ற சொமெலியே, அதாவது ஹோட்டலில் ஒயின் பரிமாறும் நிபுணர், பல வகைத் தேயிலைகளை ஊறவைத்து நுரைக்கும் பானம் ஒன்றைச் செய்து பாட்டிலில் கொண்டுவந்தார். தேயிலையில் டானின் சொந்தமாகவே இருக்கிறது. துவர்ப்பு, வாசனை, நீளம் எல்லாம் அதற்கு இயல்பு. எதையும் உருவி எடுத்த பள்ளம் அதில் இல்லை. ஆல்கஹால் நீக்கிய சிவப்பு ஒயின் நான்கையும் விட அதில் ஒரு கிளாஸ் எனக்கு உசத்தி.

அந்த யோசனையில் வீட்டிலேயே நீலகிரித் தேயிலையைக் குளிர்ந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் வடிகட்டி, கொஞ்சம் இஞ்சியும் நெல்லிக்காய்ச் சாறும் சேர்த்துச் சோடா விட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. போன மாதம் கோயம்புத்தூர் போனபோது ஒரு பாட்டிலில் அதை எடுத்துப் போனேன், முதலில் அவன் மனைவியிடம் போனில் கேட்டுவிட்டு. அவர் வீட்டு அலமாரியில் நான் விட்டுவந்த அந்த ரெண்டு கிளாஸும் துடைத்து வைத்திருந்தது. பழக்க தோஷத்தில் அதை எடுக்கப் போனேன்.

"டேய், அது வேண்டாம்," என்றான். "எவர்சில்வர் டம்ளர்ல ஊத்து."

ஊற்றினேன். ரெண்டு பேரும் டம்ளரிலேயே குடித்தோம். நெல்லிக்காய் கொஞ்சம் ஜாஸ்தி என்றான்.